தடை வந்த பிறகும் சிகாகோ சாதனை ஏன் நீக்கப்படவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: மாரத்தானை 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடி முடித்த முதல் பெண்ணான கென்யாவின் ரூத் செப்ங்கெடிச், ஊக்கமருந்து விதிமீறலுக்காக மூன்றாண்டுத் தடை பெற்றிருக்கிறார். அப்படியிருக்க, அவருடைய உலகச் சாதனை மட்டும் ஏன் ஏட்டில் நிற்கிறது? பெண்கள் நெடுந்தொலைவு ஓட்டத்தில் இனி எந்த நேரத்தைத்தான் நம்புவது?

முதல் பகுதிக்கான பதில் சுருக்கமானது. ஊக்கமருந்து விதிகள் ஓட்டக்காரரின் வாழ்க்கை முழுவதையும் தண்டிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில் எடுக்கப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அந்த நாளிலிருந்து பிற்பட்ட முடிவுகள் ரத்தாகும். அதற்கு முந்தைய முடிவுகளை நீக்க வேண்டுமானால் அந்தக் காலத்துக்கென்று தனிச் சான்று தேவை. செப்ங்கெடிச் சிகாகோவில் 2:09:56 என்ற நேரத்தில் ஓடியது 2024 அக்டோபர் 13 அன்று. தடைக்குக் காரணமான சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது 2025 மார்ச் 14 அன்று. இடையிலுள்ள ஐந்து மாதங்களைத் தாண்டிப் பின்னோக்கிச் செல்லும் சான்று எதுவும் தீர்ப்பில் நிறுவப்படவில்லை. ஆகவே சாதனை நிற்கிறது. இந்த விதி எரிச்சலூட்டினாலும் நியாயமானது என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை இனிச் சொல்ல வேண்டும்.

அந்த மாதிரியில் இருந்தது ஹைட்ரோகுளோரோதயசைடு. நம் ஊரில் இரத்த அழுத்தத்துக்காகப் பலர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளில் இருக்கும் அதே மருந்துதான். அது யாரையும் வேகமாக ஓட வைக்காது. சிறுநீரை அதிகமாக வெளியேற்றி, அதில் கலந்திருக்கக்கூடிய வேறு பொருள்களின் அடர்த்தியைக் குறைத்துவிடக்கூடியது என்பதால்தான் அது தடைப்பட்டியலில் இருக்கிறது. மாசடைந்த மருந்துகள் வழியாக இப்பொருள் மிகச் சிறிய அளவில் உடலில் நுழையக்கூடும் என்பதால், ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஆய்வகங்கள் அதைக் குற்றமாக அறிவிப்பதில்லை. செப்ங்கெடிச்சின் மாதிரியில் இருந்த அளவு ஏறத்தாழ 3,800 நானோகிராம். முதலில் அவரால் விளக்கம் எதுவும் தர முடியவில்லை. பின்னர், உடல்நலம் சரியில்லாதபோது வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டதாகக் கூறினார். உலகத் தடகளத்தின் நேர்மைப் பிரிவு அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் அவர் தப்ப முடியாது என்று முடிவு செய்தது. இன்னதென்று பாராமல் பிறருடைய மருந்தை விழுங்குவது உலகச் சாதனையாளருக்கு அடுக்காத பொறுப்பின்மை என்றும், அந்த அளவு பொறுப்பின்மை வேண்டுமென்றே செய்ததற்குச் சமம் என்றும் கருதி நான்காண்டுத் தடையை முன்வைத்தது. உரிய காலத்துக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அதில் ஓராண்டு குறைக்கப்பட்டது. 2025 அக்டோபரில் இது அறிவிக்கப்பட்டபோது, அவருடைய கைப்பேசியில் கிடைத்த ஐயத்துக்குரிய தகவல்கள் குறித்து விசாரணை தொடரும் என்றும் அப்பிரிவு சொன்னது.

முந்தைய முடிவுகளை நீக்குவதற்கான சான்று என்றால் அது எப்படி இருக்கும்? பெண்கள் மாரத்தானிலும் 10,000 மீட்டரிலும் அண்மைக்கால வழக்குகள் மூன்று வழிகளைக் காட்டுகின்றன.

முதல் வழி, சுற்றுச் சான்றுகள். கென்யாவின் ரீட்டா ஜெப்டூ பாஸ்டனில் 2006, 2013, 2014 ஆண்டுகளிலும் சிகாகோவில் 2013, 2014 ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றவர். 2014 செப்டம்பரில், போட்டி இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட மாதிரியில், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின், அதாவது இ.பி.ஓ., இருப்பது தெரியவந்தது. கென்யத் தடகள அமைப்பு இரண்டாண்டுத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் 2016-இல் அதை நான்காண்டாக உயர்த்தியது. அத்துடன், ஒரு மருத்துவருடன் அவருக்கு இருந்த நெடுநாள் தொடர்பு உள்ளிட்டவற்றைக் கணக்கில் எடுத்து, 2014 ஏப்ரல் 17 முதலான முடிவுகளை ரத்து செய்தது. பாஸ்டன் போட்டி நடந்தது ஏப்ரல் 21 அன்று. அந்த வெற்றி பறிபோயிற்று. 2013-இன் வெற்றிகள் நின்றன.

இரண்டாவது வழி, சேமித்து வைத்த மாதிரிகளைப் பின்னாளில் மேம்பட்ட கருவிகளால் மீண்டும் ஆராய்வது. துருக்கிக்காக ஓடிய எல்வான் அபெய்லெகெஸ்ஸே 2007 ஒசாகா உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளி வென்றார். அப்போது எதுவும் அகப்படவில்லை. 2015-இல் அதே மாதிரிகளை மறுபடி ஆராய்ந்தபோது ஸ்டானோசோலால் என்னும் ஸ்டீராய்டு வெளிப்பட்டது. ஒசாகா வெள்ளியோடு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் பெற்ற வெள்ளிகளையும் அவர் இழந்தார்.

மூன்றாவது வழியே மிகவும் நுட்பமானது. உயிரியல் கடவுச்சீட்டு என்று அழைக்கப்படும் இம்முறையை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2009-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் மருந்தை யாரும் தேடுவதில்லை. மருந்து உடலில் விட்டுச்செல்லும் தடத்தைத் தேடுகிறார்கள். ஒருவருடைய இரத்தத்தை ஆண்டுக்கணக்கில் இடைவிட்டு எடுத்து, ஹீமோகுளோபின் அளவையும், எலும்பு மச்சையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்களின் விகிதத்தையும் பதிந்துகொண்டே வருகிறார்கள். இ.பி.ஓ. செலுத்திக்கொண்டிருக்கும்போது இளம் அணுக்கள் பெருகும். போட்டிக்கு முன் மருந்தை நிறுத்தியதும், ஏற்கெனவே சிவப்பணுக்கள் போதுமானதற்கு மேல் இருப்பதை உணர்ந்த உடல் உற்பத்தியைக் குறைத்துவிடும். அப்போது ஹீமோகுளோபின் உயர்ந்தும் இளம் அணுக்கள் மிகக் குறைந்தும் காணப்படும். இயற்கையாக இந்தச் சேர்க்கை ஏற்படுவது அரிது.

இந்தத் தடத்தால் சிக்கியவர்தான் ரஷ்யாவின் லிலியா ஷோபுகோவா. 2009 முதல் 2011 வரை சிகாகோவில் தொடர்ந்து மூன்று முறையும், 2010-இல் லண்டனிலும் முதலிடம் பெற்றவர். அவருடைய கடவுச்சீட்டு நீண்ட காலப் பதிவுகளைக் கொண்டிருந்ததால், 2009 அக்டோபர் 9 முதலான அத்தனை முடிவுகளையும் நீக்க முடிந்தது. ஆனால் அந்த நீக்கம் வருவதற்கு முன் நடந்ததைத்தான் நான் இத்துறையின் மிக இருண்ட பகுதியாகக் கருதுகிறேன். ஐயத்துக்குரிய இரத்தப் பதிவுகள் உலகத் தடகள அமைப்பின் கையில் இருந்தும், அவர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட அனுமதிக்கப்பட்டார். வழக்கு மேலே வராமலிருக்க அவர் 4,50,000 யூரோ கொடுத்திருந்தார். இறுதியில் தடை வந்தே தீர்ந்தபோது அதில் 3,00,000 யூரோ திருப்பித் தரப்பட்டது. அந்தப் பணம் திரும்பிய பாதையே குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. 2014 டிசம்பரில் ஜெர்மன் தொலைக்காட்சி இதை வெளிப்படுத்தியது. 2016 ஜனவரியில் ரஷ்யத் தடகளக் கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் வாலென்டின் பாலக்னிசெவ், பயிற்சியாளர் அலெக்ஸி மெல்னிகோவ், உலக அமைப்பின் தலைவராக இருந்த லமீன் தியாக்கின் மகன் பாப்பா மஸ்ஸட்டா தியாக் ஆகிய மூவருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் தந்தை, மகன் இருவரையும் ஊழல் குற்றவாளிகளாக அறிவித்தது. ஓர் ஓட்டக்காரி ஊசி போட்டுக்கொள்வது ஒரு தவறு. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய அலுவலகமே அதற்கு விலை வைத்து விற்றது என்பது வேறு வகைக் குற்றம். அவ்வாண்டுகளின் நேரப்பட்டியல்களை இன்றைக்கும் முழு நம்பிக்கையுடன் படிக்க முடியாமலிருப்பதற்கு இரண்டாவதுதான் பெரிய காரணம்.

இம்மூன்று வழிகளில் எதுவும் கைகொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானைப் பாருங்கள். கென்யாவுக்காக ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வென்ற முதல் பெண் ஜெமிமா சும்கோங், 2017 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் இ.பி.ஓ. இருந்ததால் நான்காண்டுத் தடை பெற்றார். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதாகக் காட்ட அவர் கொடுத்த ஆவணங்கள் பொய்யானவை என்று தெரிந்ததும் அது எட்டாண்டாயிற்று. ரியோவில் வெள்ளி வென்ற, பஹ்ரைனுக்காக ஓடிய யூனிஸ் கிர்வாவும் 2019-இல் அதே இ.பி.ஓ.வுக்காகத் தடை பெற்றார். ஆக, அந்தப் போட்டியின் முதல் இரண்டு இடத்தவரும் பின்னாளில் ஒரே மருந்தில் அகப்பட்டவர்கள். எனினும் ரியோ நாளைப் பற்றிச் சான்று இல்லாததால் தங்கமும் வெள்ளியும் அவர்களிடமே இருக்கின்றன. மூன்றாவதாக வந்த எத்தியோப்பியாவின் மாரே டிபாபாவின் வெண்கலம் வெண்கலமாகவே இருக்கிறது.

இ.பி.ஓ. இத்தனை வழக்குகளில் வருவதற்குக் காரணம் உடலியல். நெடுந்தொலைவு ஓட்டத்தில் தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனின் அளவே வேகத்துக்கு எல்லை வகுக்கிறது. அதைச் சுமப்பது சிவப்பணு. பெண்களின் ஹீமோகுளோபின் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 12 முதல் 16 கிராம் வரை, அதாவது ஆண்களைவிடக் குறைவு. மாதவிடாயாலும் கடும் பயிற்சியாலும் இரும்புச்சத்துக் குறைபாடு பெண் ஓட்டக்காரர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. இரத்த சோகை என்று மருத்துவரிடம் போகிறவருக்கு இரும்பு மாத்திரைக்கும் இ.பி.ஓ. ஊசிக்கும் இடையிலுள்ள தூரம், மனசாட்சியற்ற ஒருவர் கையில் மிகக் குறுகியதாகிவிடும். இ.பி.ஓ. சிறுநீரில் சில நாள்களே தென்படும். சிறுசிறு அளவாக இரத்தக் குழாயில் நேரடியாகச் செலுத்தினால் அந்த அவகாசம் இன்னும் சுருங்கிவிடும். சோதனையாளர் எந்த நாளிலும் முன்னறிவிப்பின்றி வந்து கதவைத் தட்ட வேண்டும் என்றும், ஓட்டக்காரர் நாள்தோறும் ஒரு மணி நேரம் தாம் இருக்கும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்றும், பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல் என்றும் விதிகள் வகுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

சோதனை இருந்தும் நடைமுறைத் தவறால் பயனற்றுப்போன வழக்கும் உண்டு. 2001-இல் பாரிஸில் ரஷ்யாவின் ஓல்கா எகோரோவாவின் சிறுநீரில் இ.பி.ஓ. காணப்பட்டது. அக்கால விதிப்படி இரத்தப் பரிசோதனையும் சேர்ந்து செய்யப்பட்டிருக்க வேண்டும், செய்யப்படவில்லை. அதனால் தடை நீக்கப்பட்டு, எட்மன்டன் உலகப் போட்டியில் 5,000 மீட்டர் தங்கத்தையும் அவர் வென்றார். அப்போது பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் பார்வையாளர் வரிசையில் நின்று, இ.பி.ஓ. ஏமாற்றுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்ற பதாகையைப் பிடித்தார். சக ஓட்டக்காரிகளின் கோபம் உலகம் முழுவதற்கும் தெரிந்த முதல் தருணங்களில் அதுவும் ஒன்று.

பெண் உடலில் சோதனை செய்வதற்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. இவை பொதுப் பேச்சில் அநேகமாக வருவதே இல்லை. மாதவிடாய்ச் சுழற்சியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிக் குறைவதால் கடவுச்சீட்டின் எண்களும் அசையும். கருத்தடை மாத்திரைகள் எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இயற்கைப் பொருளைக் குறைப்பதால், டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியதைக் கண்டுபிடிக்கப் பயன்படும், இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் மருந்தே இல்லாமலும் உயர்ந்து தோன்றும். கர்ப்ப காலத்திலும், நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை எடுக்கும்போதும், நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் சிதைபொருள் சிறுநீரில் சிறிதளவு காணப்படலாம். இவற்றையெல்லாம் பிரித்தறிந்த பிறகே ஆய்வகம் முடிவு சொல்ல வேண்டும். மறுபுறம், பெண்களின் இயற்கையான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுடைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், சிறிதளவு ஸ்டீராய்டுகூட அவர்களுக்குத் தசை வலிமையிலும் களைப்பிலிருந்து மீளும் வேகத்திலும் பெரிய ஆதாயம் தருகிறது. குரல் மாற்றம், மாதவிடாய் நின்றுபோதல் போன்ற கேடுகளும் அவர்களுக்கே அதிகம்; அவற்றுள் குரல் மாற்றம் மருந்தை நிறுத்திய பிறகும் திரும்பாது.

நான்ட்ரோலோன் என்றதும் தமிழ் வாசகர்களுக்குத் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து நினைவுக்கு வருவார். அவருடைய 800 மீட்டர் நெடுந்தொலைவு ஓட்டம் அல்ல என்றாலும், விதி ஒன்றுதான். 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தங்கம் வென்று, அப்பொருளுக்காக நான்காண்டுத் தடை பெற்று, பதக்கத்தையும் இழந்தார். தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார். அறிந்தா அறியாமலா என்பது தண்டனையின் நீளத்தைத் தீர்மானிக்கலாம். உடலில் இருந்ததற்கான பொறுப்பை மாற்றாது. வறுமையிலிருந்து வந்து பயிற்சியாளர், ஊட்டச்சத்துப் பொடி, ஊசி என்று எல்லாவற்றுக்கும் பிறரை நம்பியிருக்கும் பெண்களிடம் இந்த விதி மிகக் கடுமையாகவே நடந்துகொள்கிறது. ஆனாலும் இதைத் தளர்த்தினால் எல்லா வழக்கிலும் அறியாமையே பதிலாக வரும் என்பதால், இதற்கு மாற்று எனக்குத் தெரிந்தவரை இல்லை. செய்யக்கூடியது, மருந்தைக் கொடுத்த கையையும் அதே கடுமையோடு தேடுவது.

கென்யாவில் அதுதான் நெடுங்காலம் நடக்கவில்லை. பாஸ்டனில் 2021-இல் முதலாவதாக வந்த டயானா கிப்யோகேய், மூட்டுவலிக்கு ஊசியாகப் போடப்படும் டிரையம்சினலோன் என்ற மருந்தால் பட்டத்தை இழந்தார். விசாரணையில் பொய்த் தகவல்கள் கொடுத்ததும் சேர்ந்து ஆறாண்டுத் தடையாயிற்று. சும்கோங் வழக்கைப் போலவே இங்கும் ஒரு மருத்துவமனைக் கதை புனையப்பட்டிருந்தது. ஆவணம் தயாரிப்பவரும் மருந்து விற்பவரும் இல்லாமல் ஓட்டக்காரி மட்டும் தனியாக இதைச் செய்ய முடியாது. சிகாகோவில் முதல் பரிசு மட்டும் 1,00,000 டாலர். கென்ய ஓட்டக்காரர்கள் பயிற்சி பெறும் எல்டோரெட், இட்டென் பகுதிகளில் அது ஒரு குடும்பத்தின் பல தலைமுறை நிலைமையை மாற்றக்கூடிய தொகை. பரிசில் பங்கு கேட்டுச் சுற்றி நிற்பவர்களும் அங்கு ஏராளம். 2022 இறுதியில், தடகளத்திலிருந்து நாடே விலக்கப்படும் நிலை நெருங்கியபோது, ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் செலவிடுவதாகக் கென்ய அரசு உறுதியளித்தது. அதன் பிறகு வழக்குகளின் எண்ணிக்கை கூடியிருப்பதைச் சீரழிவின் அடையாளமாக மட்டும் நான் பார்க்க மாட்டேன். தேடுகிறவர்கள் கூடியதும் அதற்குக் காரணம்.

நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்பது கேள்வியின் இரண்டாம் பகுதி. சிகாகோவில் செப்ங்கெடிச் தமது முந்தைய சிறந்த நேரமான 2:14:18-ஐவிட 4 நிமிடம் 22 விநாடி விரைவாக ஓடினார். டிகிஸ்ட் அசெஃபா 2023-இல் பெர்லினில் நிறுவிய 2:11:53 என்ற உலகச் சாதனையிலிருந்து ஒரே ஓட்டத்தில் 1 நிமிடம் 57 விநாடி குறைந்தது. இரண்டாமவர் வந்தபோது கடிகாரம் 2:17:32 காட்டியது. இவை ஐயத்தை எழுப்பும் எண்கள்தான். ஆனால் கார்பன் தகடும் தடித்த நுரையும் கொண்ட காலணிகள் கடந்த பத்தாண்டுகளில் மாரத்தான் நேரங்களை எல்லோருக்கும் குறைத்திருக்கின்றன. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் போட்டியில் ஆண் வேகத்துணைவர்கள் கடைசிவரை காற்றைத் தடுத்துக்கொடுக்கிறார்கள். இந்தக் காரணிகளில் எது எத்தனை விநாடி என்று பிரித்தறிய யாராலும் முடியாது.

எண்கள் எத்தனை உரக்கப் பேசினாலும் அவை சான்றாக மாறுவதில்லை என்பதற்குச் சீனாவின் மா ஜுன்ரென் பயிற்றுவித்த பெண்கள் எடுத்துக்காட்டு. 1993 செப்டம்பரில் பெய்ஜிங் தேசிய விளையாட்டில் வாங் ஜுன்சியா 10,000 மீட்டர் உலகச் சாதனையை ஏறத்தாழ 42 விநாடி குறைத்து 29:31.78 ஆக்கினார். ஐந்து நாள் கழித்து 3,000 மீட்டரை 8:06.11-இல் ஓடினார். ஆமை இரத்தமும் ஒரு வகைப் பூஞ்சையும்தான் இரகசியம் என்றார் பயிற்சியாளர். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் இரத்தப் பரிசோதனைகளை அடுத்து அவருடைய ஓட்டக்காரிகள் ஆறு பேர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். தங்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கப்பட்டதாக வாங் உள்ளிட்டோர் 1995-இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016-இல் வெளிவந்தது. இத்தனைக்கும் பிறகு 10,000 மீட்டர் சாதனை 2016-இல் ஓடியே முறியடிக்கப்பட்டது. யாரும் அதை ஏட்டிலிருந்து நீக்கவில்லை.

சான்று தாமதமாக வருவதன் விலையை நேர்மையாக ஓடியவர்கள் கொடுக்கிறார்கள். ஒசாகாவில் நான்காவதாக வந்த பிரிட்டனின் ஜோ பேவி, தமக்குரிய வெண்கலத்தைப் பத்தாண்டு கழித்து, 2017-இல் லண்டனில் பெற்றார். பாஸ்டனில் 2014-இல் 2:19:59 ஓடிய எத்தியோப்பியாவின் புசுனேஷ் தேபாவுக்கு ஜெப்டூவின் பட்டம் மாற்றித் தரப்பட்ட பின்னும் பரிசுப்பணம் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. ஜெப்டூவிடமிருந்து அதை மீட்க முடியவில்லை என்பது காரணம். 2024-இல் ரசிகர் ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 75,000 டாலர் கொடுத்தார். அதற்குப் பிறகே, 1986 முதல் இவ்வாறு இழந்தவர்களுக்குத் தாங்களே பணம் தருவதாகப் போட்டி அமைப்பாளர்கள் அறிவித்தனர். முதலாவதாக வந்தவர் பட்டத்தை இழக்கும்போது அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சேர வேண்டியதை உடனே கொடுக்கும் நிதியை ஒவ்வொரு பெரிய மாரத்தானும் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது கடினமான காரியம் அல்ல.

ஆகவே சிகாகோ சாதனையை நான் நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. அதை இன்றைக்கே நீக்க வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்பதே பதில். ஐயத்தை வைத்து ஒருவருடைய முடிவை நீக்கும் அதிகாரத்தை அமைப்புகளிடம் கொடுத்தால் அது முதலில் பாதுகாப்பற்ற, வழக்குரைஞர் வைக்க வசதியற்ற ஓட்டக்காரிகள் மேல்தான் பாயும். ஷோபுகோவா வழக்கைப் பார்த்தவர்கள் அந்த அதிகாரம் விற்பனைக்கும் வரக்கூடும் என்பதை அறிவார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு, விதிமீறல் நடந்த நாளிலிருந்து பத்தாண்டு வரை நடவடிக்கை எடுக்க இடமளிக்கிறது. சிகாகோ ஓட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் காலம் 2034 அக்டோபர் வரை நீள்கிறது. கைப்பேசித் தகவல்களோ, கடவுச்சீட்டோ, சேமிக்கப்பட்ட மாதிரியோ அதற்குள் எதையாவது நிறுவினால் 2:09:56 அப்போது நீங்கும்.